‘வெல்ட் கீ மழை’ வாசித்த சிவபாதம் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பினாங்கின் பூலாவ் தீக்குஸில் ஒரு வீட்டின் பக்கச் சுவரில் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. என்னோடு பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்த பெனடிக்ட். என் அலுவலகத்துக்குப் போய், இன்றைக்கு நான் எந்தத் தெருவில் மீட்டர் பார்க்கிறேன் என்று விசாரித்துத் தேடி வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்.

“பாதம் அண்ணன் போயிட்டாரு கோபால். அவரு மக வாணி போன் பண்ணுச்சு. காலையில கஞ்சி குடுக்க எழுப்பியிருக்கு. எழுந்திரிக்கல.”

நான் எண்ணை எழுதி முடித்தேன். எழுதியது தவறான எண் என்று மறுநாள் அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த வீட்டுச் சீன அம்மையார் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, யார் இறந்தது என்று மலாயில் கேட்டார். ‘அபாங்’ என்றேன். அண்ணன் என்று பொருள். எனக்கும் அவருக்கும் இரத்த உறவு கிடையாது. ஆனாலும் அந்த நேரத்தில் வேறு சொல் வாயில் வரவில்லை.

கனகசபை சிவபாதம் அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தி நான்கு வரி: ஆஸ்திரேலியாவில் விருது பெற்ற இசைத்தட்டை வெளியிட்ட பினாங்கு இசைக் கலைஞர் காலமானார். துறைமுக அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் கோப்புகளைக் கோணாமல் அடுக்கி வைக்கும் தலைமைக் குமாஸ்தா. கோயில் பக்கத்தில் கேட்டால், மங்கையர்க்கரசி டீச்சரின் கணவர். இந்த ஊரில் பாட்டு, கச்சேரி என்று திரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் தலைக்கனம் பிடித்தவர். விருது வந்த பிறகு யார் கூப்பிட்டும் வாசிக்க வராதவர். அந்தக் கடைசிப் பெயர் அவருக்கு வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அவரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். பகலில் மீட்டர் பார்ப்பேன். சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் டபுள் பேஸ் வாசிப்பேன். ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் போன்ற கருவி அது. பெனடிக்ட் அதே குழுவில் கிட்டார் வாசித்துப் பாடுவார். துறைமுக ஊழியர் விருந்து ஒன்றில் நாங்கள் வாசித்து முடித்ததும், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்த ஒருவர் என்னிடம் வந்தார்.

“தாளம் தப்பாமல் அடிக்கிறீர். ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வாரும். உம்மட கிட்டார்காரரையும் கூட்டிக்கொண்டு வாரும்.”

இங்கேயே பிறந்தவர்தான். ஆனால் அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் என்பதால் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் மாறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து பாஞ்சோவை எடுத்தார். கஞ்சிரா போலத் தோல் இழுத்துக் கட்டிய வட்ட முகம், நீண்ட கழுத்து, ஐந்து தந்திகள். வலது கைப் பெருவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் தந்தியை மீட்டும் உலோக நகங்களை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். பெனடிக்ட் கையிலிருந்த தேநீரைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த இசைக்குப் புளூகிராஸ் என்று பெயர். அமெரிக்க மலைநாட்டு மக்களின் இசை. மின்சாரக் கருவி எதுவும் கிடையாது. எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசிப்பார்கள். பட்டர்வொர்த் விமானத் தளத்தில் இருந்த ரெஜ் என்ற ஆஸ்திரேலியர் மூலம் அது அவருக்கு வந்தது. ரெஜ்ஜின் வீட்டுச் சாமான்கள் துறைமுகக் கிடங்கில் காணாமல் போயின. குமாஸ்தாவான சிவபாதம் ஒன்பது நாள் தேடி அவற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ரெஜ் அங்கேயே கிடங்கில் உட்கார்ந்து பாஞ்சோவை வாசித்திருக்கிறார். நாடு திரும்பும்போது அதை இவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

சிறுவயதில் முறையாக வயலின் கற்றவர் ஏன் இந்தக் கௌபாய்ப் பாட்டைப் பிடித்துக்கொண்டார் என்று கோயிலில் பலரும் கேட்டதுண்டு. நானும் ஒருமுறை கேட்டேன்.

“கேட்ட உடனே எனக்கு அழுகை வந்தது. அதுக்கு மேல காரணம் எனக்குத் தெரியாது” என்றார்.

மூன்று பேரும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாசித்தோம். ஆஸ்திரேலியர்களின் கூட்டங்களில், கடற்கரை ஹோட்டல்களின் மதிய விருந்துகளில், சில சமயம் எங்கள் ஆட்களின் வீடுகளில். என் தங்கை தாசேக் கெலுகோரில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தாள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி கவிழ்ந்து அவள் கணவர் இறந்த ஐந்தாவது மாதம், பிள்ளைக்குக் காது குத்தினார்கள். போன இடத்தில் வாசிக்கச் சொன்னார்கள். எல்லாரும் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள், பெனடிக்ட் பாடினார். இடையில் சிவபாதம் தனியாக ஒரு மெட்டு வாசித்தார். அவரே கட்டியது, வார்த்தை கிடையாது. அடுப்படியில் நின்ற என் தங்கை கரண்டியோடு வெளியே வந்து, “அண்ணே, அதை இன்னொரு தரம் வாசிங்க” என்றாள். வாசித்தார். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது முறை வாசிக்கும்போது அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். கணவர் இறந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. காரில் திரும்பினோம். பிறை என்ற ஊரைத் தாண்டும்போது சிவபாதம், “அந்த மெட்டுக்கு நான் இன்னும் பேர் வைக்கேல்லை” என்றார். பிற்பாடு அதற்குத்தான் ‘வெல்ட் கீ மழை’ என்று பெயர் வைத்தார். அவர் வேலை பார்த்த அலுவலகத்தின் சன்னல் வெல்ட் கீ கடலோரத்தைப் பார்த்து இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ரெஜ் திரும்பி வந்தார். ஓய்வு பெற்று, தன் ஊரில் சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். சிவபாதம் வாசித்ததைக் கேட்டுவிட்டு, இதை ஒரு தட்டாகப் போட வேண்டும் என்று நின்றார். கேம்பல் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் ஹொக்கியன் சீனப் பாடல்கள் பதிவு செய்யும் சிறிய ஸ்டூடியோ இருந்தது. நான்கு பிற்பகல்கள் எங்களுக்குக் கிடைத்தன. சத்தம் விழும் என்று காற்றாடியை நிறுத்திவிடுவார்கள். வேர்வையில் என் விரல் தந்தியில் வழுக்கும்.

முதல் நாள் ஒரு மெட்டை ஐந்து முறை தொடங்கினோம். ஐந்து முறையும் சிவபாதம் பாதியில் நிறுத்தினார். “இன்னும் கொஞ்சம் மெதுவா” என்றார். ரெஜ் முகத்தைச் சுளித்தார். புளூகிராஸில் பாஞ்சோ என்றால் வேகம்தான். பெனடிக்ட்டால் பொறுக்க முடியவில்லை.

“அண்ணே, இது கல்யாணத்துக்கா சாவுக்கா? இவ்வளவு ஸ்லோவா வாசிச்சா கேக்கிறவன் தூங்கிடுவான் லா.”

“தூங்கட்டும்” என்றார் அவர்.

இரண்டாம் நாள் இடைவேளையில் மாடிப்படியில் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். கோப்பையை இடது கையில் பிடித்திருந்தார். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

“கோபால், இதைப் பாரும்.”

கையை வெளியே எடுத்து முழங்கால்மீது வைத்தார். பெருவிரலும் சுட்டுவிரலும் உருத்திராட்சம் உருட்டுவதைப் போல ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன.

“நிக்கச் சொன்னா நிக்காது. வாசிக்கேக்க அடங்கும். ஆனால் விரல் பிந்துது. பார்க்கின்சன் எண்டு டாக்டர் சொல்றார். இன்னும் ஒரு வருஷம், கூடினால் ஒண்டரை. அதுக்குப் பிறகு வாசிக்க ஏலாது.”

“டீச்சருக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியாது. தெரிஞ்சால் என்னை வீட்டில இருத்திப் போடுவா. இந்தத் தட்டு முடியட்டும். நீர் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. பெனடிக்ட்டுக்கும்.”

“பெனடிக்ட் நம்ம ஆளுதானே?”

“அவன் என்னைப் பாவம் பாத்தால் நான் வாசிக்க மாட்டன்.”

தண்ணீர்மலை முருகன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தப் பதிவில் என் வேலை மாறியது. தாளத்தைத் தாங்குவது பேஸ்காரன் பொறுப்பு. அவருடைய விரல் வந்து சேரும் நேரத்தை நான் அவர் தோளைப் பார்த்துக் கணித்தேன். அது வரும்வரை என் அடியைத் தள்ளிப்போட்டேன். பெனடிக்ட் திட்டிக்கொண்டே எங்கள் இருவரின் பின்னால் வந்தார். பதினொரு பாடல்கள். கடைசி நாள் கடைசியாக ‘வெல்ட் கீ மழை’யை ஒரே தடவையில் வாசித்தார். முடிந்ததும் விரலிலிருந்து நகங்களைக் கழற்ற என்னிடம் கையை நீட்டினார். வேர்வையில் கழற்ற வரவில்லை என்று பெனடிக்ட் நினைத்துக்கொண்டார்.

ஓராண்டு கழித்து அலுவலக முகவரிக்குக் கடிதம் வந்தது. ஆஸ்திரேலியாவின் அந்த ஆண்டுக்கான சிறந்த புளூகிராஸ் இசைத்தட்டு என்ற விருது. துறைமுகத்துக்கு எதிரே இருந்த கோப்பிக் கடையில் உட்கார்ந்து நடுவர்களின் குறிப்பை எனக்கு வாசித்துக் காட்டினார். வேகமே பெருமை என்று எண்ணும் கலைஞர்களுக்கு நடுவே, ஒவ்வொரு சுரத்தையும் அவசரமின்றி வைக்கும் இந்த நிதானம் ஒரு வாழ்நாள் அனுபவத்தால் மட்டுமே வரும் என்று எழுதியிருந்தார்கள்.

“நிதானமாம்” என்று சிரித்தார். சிரித்ததில் கை ஆடிக் கோப்பி கடிதத்தின்மேல் சிந்தியது. துடைக்கவில்லை. “கோபால், அவை என்ர வருத்தத்துக்குப் பரிசு தந்திருக்கினம்.” யாழ்ப்பாணத்தில் நோயை வருத்தம் என்பார்கள்.

விருதை ரெஜ் மேடையேறி வாங்கினார். இங்கே பத்திரிகைகளில் படம் வந்தது. அதுவரை அவரைக் கௌபாய் என்று கேலி பேசியவர்கள் மாலையோடு வந்தார்கள். சங்கங்கள், கிளப்புகள், பள்ளிகள் எல்லாம் வாசிக்க அழைத்தன. எல்லாருக்கும் ஒரே பதில்: “நேரமில்லை.” முன்கூட்டியே ஓய்வு பெற்றுக்கொண்டவருக்கு எதற்கு நேரமில்லை என்று ஊர் கேட்டது. தலைக்கனம் என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கியது.

அதைப் பெரிதாக்கியவர் பெனடிக்ட். அவரைக் குறை சொல்ல முடியாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது அவருக்கும் வேலை போனது. வீட்டில் நான்கு பிள்ளைகள். அந்த நேரத்தில் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் இருந்த ஹோட்டல் ஒன்று, விருது பெற்ற குழுவுக்கு ஓராண்டு ஒப்பந்தம் தருவதாகச் சொன்னது. சிவபாதம் மாட்டேன் என்றார். பெனடிக்ட் அவர் வீட்டுக் கேட்டின் முன் நின்று கத்தினார். நான் பக்கத்தில் நின்றேன்.

“உங்களுக்கு பென்ஷன் இருக்கு. எனக்கு நாலு பிள்ளைங்க இருக்கு. ஒரே ஒரு வருஷம் வாசிச்சா நீங்க என்னா குறைஞ்சிடுவீங்க? அந்தத் தட்டில நானும்தானே பாடினேன்?”

அவர் வலது கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

“எனக்கு விருப்பமில்லை.”

“காரணம் சொல்லுங்க.”

“விருப்பமில்லை எண்டால் விருப்பமில்லை.”

பெனடிக்ட் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதன் பிறகு பெனடிக்ட் போகும் இடமெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லாத வார்த்தை இல்லை. எதையும் நான் மறுக்கவில்லை.

இதற்கு மேல் நான் செய்தது இன்னும் மோசம். ஹோட்டல்காரர்கள் கடைசியில் ரமோன் என்ற பிலிப்பீன்ஸ் இளைஞரைப் பாஞ்சோவுக்கு ஏற்றுக்கொண்டார்கள். நல்ல கலைஞர். பெனடிக்ட் என்னையும் கூப்பிட்டார். பெனடிக்ட்டின் பிள்ளைகளுக்காகப் போனேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், எனக்கு மேடை வேண்டியிருந்தது. விருது பெற்ற இசைத்தட்டின் பாடல்கள் என்று ஹோட்டல் முகப்பில் எழுதிப் போட்டார்கள். ரமோன் அவற்றை இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தார். வெள்ளைக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். எட்டு மாதம் ஞாயிறு மதியங்களில் அதை வாசித்துவிட்டு, வியாழக்கிழமைகளில் சிவபாதம் வீட்டுக்குப் போய் மழை, அரசியல், அவர் மகள் வாணியின் படிப்பு என்று பேசிவிட்டு வந்தேன். ஹோட்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது அவரும் டீச்சரும் உள்ளே வந்து கடைசி மேசையில் உட்கார்ந்தார்கள். பத்திரிகை விளம்பரத்தில் பார்த்திருக்கிறார்கள். என் அடி தப்பியது. ரமோன் திரும்பிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் பெனடிக்ட் மைக்கைப் பிடித்தார். இந்தத் தட்டை உருவாக்கிய மேதை நம்மிடையே வந்திருக்கிறார், அவருக்கு இன்றைக்காவது நேரம் இருந்தால் ஒரு பாடல் வாசிப்பார் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். குரலில் இருந்த குத்தல் சுற்றுலாப் பயணிகளுக்குப் புரியவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

அவர் எழுந்தார். டீச்சர் தடுக்கவில்லை. சின்னச் சின்ன அடிகளாக வைத்து மேடைவரை வந்தார். ரமோன் மரியாதையோடு எழுந்து பாஞ்சோவை அவர் தோளில் மாட்டி, நகங்களைக் கையில் கொடுத்தார். முதல் நகம் விரலில் ஏறவில்லை, கீழே விழுந்தது. ரமோன் குனிந்து எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது. சிரித்துக்கொண்டிருந்த மேசைகள் ஒவ்வொன்றாக அமைதியாயின. பெனடிக்ட் அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார்.

சிவபாதம் மைக்குக்கு அருகே வந்து ஆங்கிலத்தில் பேசினார். அதன் பொருளைத் தருகிறேன்: “மன்னிக்க வேண்டும். இந்தக் கை இப்போது என் பேச்சைக் கேட்பதில்லை. கடைசியாக அது கேட்டது அந்தத் தட்டில்தான்.”

ஒரு மேசையில் யாரோ கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. அவர் பாஞ்சோவைக் கழற்ற முடியாமல் நின்றார். நான் போய்க் கழற்றினேன்.

பெனடிக்ட் கிட்டாரைத் தரையில் வைத்துவிட்டுச் சமையலறை வழியாக வெளியே போனார். சலவைக் கூடைகளுக்கு நடுவே படியில் உட்கார்ந்திருந்தார். “உனக்குத் தெரியுமா?” என்றார். தலையாட்டினேன். சத்தியம் செய்ததைச் சொன்னேன்.

“நான் அவர் கேட்டுல நின்னு கத்தினேனே, அப்பவும் சத்தியமா? ஊரெல்லாம் ஏசினேனே, அப்பவும்?”

கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்துக் கூடையில் போட்டேன். 

கார் நிறுத்துமிடத்தில் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“உமக்கு எப்ப இருந்து தெரியும்?”

“ரெக்கார்டிங் அப்போ டீச்சர். ரெண்டரை வருஷம் ஆகுது.”

“எனக்கு அதுக்கு முந்தியே தெரியும். அவர் டாக்டரிட்டப் போக முந்தியே தெரியும். சட்டைப் பொத்தான் போட அவ்வளவு நேரம் எடுத்தால் ஒரு மனுசிக்குத் தெரியாதா? சொன்னால் தட்டைப் பாதியில விட்டிடுவார் எண்டு பேசாமல் இருந்தன். எனக்குத் தெரியாது எண்டு அவர் மறைச்சார். அவருக்காக நான் மறைச்சன். இவ்வளவு நாளும் ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் தனித்தனியாப் பயந்துகொண்டு இருந்திருக்கிறம்.”

அவர் அழவில்லை. கைப்பையைத் திறந்து மூடினார். காருக்குள் உட்கார்ந்திருந்த சிவபாதம் சன்னலை இறக்கினார்.

“அந்தப் பிள்ளை நல்லா வாசிக்கிறான். வேகமா.” கொஞ்சம் பொறுத்து, “வியாழக்கிழமை வரேக்க நீர் சொல்லியிருக்கலாம், கோபால்” என்றார்.

அவர் என்னைக் கடிந்து சொன்னது வாழ்நாளில் அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை பெனடிக்ட் அவர் வீட்டுக்குப் போனார். சிவபாதத்தின் கன்னத்தில் சவரம் செய்த காயங்கள் இருந்தன. பெனடிக்ட் கத்தியை வாங்கிச் சவரம் செய்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைச் செய்தார். மன்னிப்பு என்ற சொல்லை இருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. ஹோட்டலில் பெனடிக்ட் தொடர்ந்து வாசித்தார்; பிள்ளைகள் இருந்தார்கள். நான் இரண்டு மாதம் போகாமல் இருந்துவிட்டு, பிறகு போனேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

நோய் அவரை அவசரமில்லாமல் கொண்டுபோனது. நடை போனது, எழுத்து எறும்புபோலச் சிறுத்துப் படிக்க முடியாமல் போனது, கடைசியில் குரலும் போனது. பக்கத்தில் காதை வைத்தால்தான் அவர் பேசுவது கேட்கும். மாணவர்களோடு பேசிப் பழகிய டீச்சர் வீடு நிறையப் பேசி அந்த இடத்தை நிரப்பினார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை டீச்சர் சமையலறையில் விழுந்தார். மாரடைப்பு. கூடத்து நாற்காலியில் இருந்த சிவபாதத்துக்கு அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. எழ முடியவில்லை. வாணி கோலாலம்பூரில் வேலையில் இருந்தாள். பெனடிக்ட் சவரம் செய்ய வந்தபோதுதான் பார்த்தார். எல்லாம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் அவர் என் காதில் சொன்னார்: “ரெண்டு மணித்தியாலம் நான் கூப்பிட்டன், கோபால். பக்கத்து வீட்டில வானொலி பாடுது. எனக்குச் சத்தம் வரேல்லை.”

 கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாணி மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து தகப்பனாரோடு இருந்தாள். ஒருநாள் நான் போயிருந்தபோது வானொலியில் ‘வெல்ட் கீ மழை’யைப் போட்டார்கள். அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று வாணி சத்தத்தைக் கூட்டினாள். அவர் தலையை அசைத்தார். நான் குனிந்தேன்.

“நிப்பாட்டச் சொல்லும். ஒவ்வொரு இடத்திலயும் விரல் பிந்துறது எனக்குக் கேக்குது. அவைக்கு அது பாட்டு.”

வாணி நிறுத்தினாள். அந்தத் தட்டை நான் இப்போதும் கேட்கிறேன். அவர் சொன்னது எனக்கும் கேட்கிறது. ஆனாலும் அது நல்ல தட்டு. நடுவர்கள் காரணத்தைத் தவறாக எழுதினார்கள். பரிசைத் தவறாகக் கொடுத்துவிடவில்லை. விரல் தன்னைக் கைவிடுகிறது என்று தெரிந்த ஒருவர், மிச்சமிருந்த ஒவ்வொரு சுரத்தையும் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார். இதை அவரிடம் சொல்ல எனக்கு ஆண்டுக்கணக்கில் வியாழக்கிழமைகள் இருந்தன. சொல்லவில்லை.

அவர் இறப்பதற்கு முந்திய வியாழக்கிழமைதான் கடைசியாகப் போனேன். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. காதை வைத்தேன். மூச்சுத்தான் வந்தது. “என்னாண்ணே?” என்றேன். மறுபடியும் சொன்னார். இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் முறை அவரைக் கஷ்டப்படுத்த மனம் வராமல், புரிந்தது போலத் தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

பத்து லன்சாங் மயானத்தில் எரியூட்டினோம். இருபது பேர் வந்திருந்தார்கள். மறுநாள் காலை வாணியும் பெனடிக்ட்டும் நானும் தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு மலாய் மீனவரின் படகில் அஸ்தியைக் கடலுக்குக் கொண்டுபோனோம். கரை சிறுத்ததும் படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். கத்தோலிக்கரான பெனடிக்ட் செருப்பைக் கழற்றிவிட்டு, வாணிக்குப் பக்கத்தில் முட்டி போட்டுப் பானையைத் தாங்கிப் பிடித்தார். சாம்பல் நீரில் விழுந்து உடனே மூழ்கிவிடவில்லை. வெள்ளையாகப் பரவி, படகோடு சேர்ந்து மெல்ல ஏறி இறங்கியது. பூக்களைப் போட்டோம்.

“சுடா?” என்று படகுக்காரர் தணிந்த குரலில் கேட்டார். முடிந்ததா என்று.

“பெலும்” என்றாள் வாணி. இன்னும் இல்லை.

செய்ய வேறொன்றும் இருக்கவில்லை. பானை காலியாக இருந்தது. ஆனாலும் படகுக்காரர் தலையை அசைத்துவிட்டுத் துடுப்பின்மேல் கையை வைத்துக் காத்திருந்தார். மூவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்துத்தான் வாணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இயந்திரத்தை முடுக்கினார்.

சிவபாதம் அண்ணே, நீங்கள் தலைக்கனம் பிடித்தவர் இல்லை என்று நான் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல், இப்போது எழுதியிருக்கிறேன். தாமதம்தான். போய் வாருங்கள்.